காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது

உப்பல்
22 செப்டம்பர் 2009, செவ்வாய்

அன்புள்ள ஜெயராம்,

இன்று மதியம் மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. கட்டடத் தொழிலாளர் கேம்பிலிருந்து நான் அனுப்பிய தொண்டைச் சளி மாதிரிகளில் மூன்று, பன்றிக் காய்ச்சல் என்று உறுதியாகிவிட்டது. மூவரும் பாலமூரிலிருந்து வந்த சென்ட்ரிங் ஆட்கள். ஒரே தகரக் கொட்டகையில் படுப்பவர்கள். யாருக்கும் மூச்சுத் திணறல் இல்லை.

இதை முதலில் எழுதக் காரணம், தசராவுக்கு நான் வருவேன் என்று ஹம்ஸினியிடம் நீங்கள் சொல்லியிருந்தால் இப்போதே மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. "அந்தக் கேம்பையே கட்டிண்டு அழு" என்றது உங்கள் வாய். பதிலுக்கு ரிசீவரை வைத்தது என் கை. நாம் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது. குழந்தை பக்கத்தில் நின்று கேட்கிறாள். அவசரம் என்றால் மட்டும் போன். மற்றதைக் கடிதத்தில் எழுதுவோம். உங்கள் லேபின் சந்திரசேகரன் இதே தெருவில்தான் இருக்கிறார். ஸ்டாஃப் பஸ்ஸில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் ஏன் இந்த அறையில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். போன டிசம்பரில் மூச்சு இழுத்து இழுத்து அவள் உதடு நீலமானபோது தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தான். அந்த நெஞ்சோடு இந்தக் காய்ச்சல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே படித்திருக்கிறேன். தினமும் கேம்பில் இருமல்களுக்கு நடுவில் நின்றுவிட்டு, ராத்திரி அவள் பக்கத்தில் படுக்க என்னால் முடியாது. கேம்ப் அடங்கியதும் வருவேன்.

அடங்கும். திங்கள் முதல் வேலையிடத்து கேட்டில் காலை ஷிஃப்டுக்கு முன் எல்லோருக்கும் தெர்மாமீட்டர் வைக்கிறோம். காய்ச்சல் இருப்பவரை உள்ளே விடுவதில்லை. ஒரு வாரம் கொட்டகையிலேயே இருக்கச் சொல்கிறோம். விதியை எழுதியது நான். நேற்று பதினொரு பேரைத் திருப்பி அனுப்பினோம். இன்று இரண்டே பேர். சைட் மேனேஜர் சாரங்கபாணிக்கே ஆச்சரியம். "ஒரே நாள்ல கண்ட்ரோல் பண்ணிட்டீங்களே மேடம்" என்றார்.

இன்ஹேலர் டப்பா பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அவள் தூங்கியதும் ஜன்னலை முழுவதும் சாத்தாதீர்கள். அவள் தலை வாரும்போது கத்துகிறாளா? நடு வகிடு எடுத்தால் கத்தமாட்டாள்.

ப்ரியம்வதா


காஞ்சன்பாக்
25 செப்டம்பர் 2009, வெள்ளி

ப்ரியா,

உன் கடிதத்தைச் சந்திரசேகரன் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் நீட்டினார். "இருக்கிறது ஒரே ஊர், இதுல லவ் லெட்டரா? நல்லா இருங்கப்பா" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கடிதத்தை லேப் கேட் வருவதற்குள் இரண்டு தடவை படித்தேன்.

தசராவுக்கு நீ வரமாட்டாய் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அம்மா உப்பல்லோனே உந்தி கதா, மரி எந்துக்கு ராது?" என்று கேட்டாள். உப்பலில்தானே இருக்கிறாள், பின் ஏன் வரமாட்டாள் என்கிறாள். ஏழு வயதுப் பெண்ணை, தமிழில் கேள் என்று அதட்டினேன். அதுதான் என்னால் முடிந்த பதில்.

நான் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். கேம்புக்கு வேறு டாக்டரே கிடையாதா என்று கேட்டேன். கிடையாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து கேட்டதில்தான் உனக்குக் கோபம் என்று நினைக்கிறேன்.

காலையில் யாதம்மா வந்துவிடுகிறாள். சமையல், பாத்திரம், ஹம்ஸினியை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றுவது எல்லாம் அவள்தான். மத்தியானம் இவள் யாதம்மாவின் மடியில் படுத்துக்கொண்டுதான் டி.வி. பார்க்கிறாளாம். யாதம்மாவின் மூத்த பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதனால் சாயங்காலம் சீக்கிரம் போகிறேன் என்கிறாள். சரி என்றேன்.

உனக்குச் சந்தோஷம் தரும் ஒரு செய்தி. உன் விதியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். புதன்கிழமை குவார்ட்டர்ஸ் அசோசியேஷன் கூட்டத்தில் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். தலைவர் வெங்கடராமன், "டாக்டரம்மா போட்ட ரூல்னா சரியாத்தான் இருக்கும், ஒட்டிடுங்கோ" என்றார். செக்ரெட்டரி என்ற முறையில் நானே எழுதி கேட்டில் ஒட்டினேன்: 'காய்ச்சல், இருமல் உள்ள வேலைக்காரர்கள் உள்ளே வரக்கூடாது.' வாட்ச்மேனிடம் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற வரியைக் கூட்டத்தில் சேர்த்தார்கள். அது என் யோசனை இல்லை. கையெழுத்து என்னுடையது.

நீ இங்கே இல்லாவிட்டாலும் உன் வேலை ஒன்று வாசலில் நிற்கிறது என்று தோன்றியது. அசட்டுத்தனமாக இருக்கலாம்.

நடு வகிடு எடுத்தேன். அப்படியும் கத்தினாள்.

ஜெயராம்


உப்பல்
29 செப்டம்பர் 2009, செவ்வாய்

அன்புள்ள ஜெயராம்,

உங்களிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. எழுதவில்லையோ, சந்திரசேகரன் மறந்துவிட்டாரோ தெரியவில்லை. தசரா முடிந்து அவர் கர்னூலில் தங்கை வீட்டுக்குப் போகிறார். இன்று மாலை கிளம்பும் முன் இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை திரும்பி நேரே லேபுக்கு வருவாராம்.

விதி தோற்றுவிட்டது. சனிக்கிழமை மல்லேஷ் என்ற ஆள் நான்காவது மாடிச் சாரத்தில் மயங்கி விழுந்தான். கம்பி வலையில் விழுந்ததால் உயிர் தப்பினான். தொட்டால் அனல். காலையில் கேட்டில் நானே பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அவன் மனைவியிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே மேடம் வருவாங்க. எல்லாரும் அப்படித்தான். போடலேன்னா நீங்க உள்ள விடமாட்டீங்களே" என்றாள்.

கேம்ப் வாசலில் உள்ள பெட்டிக்கடையில் பாராசிட்டமால் தீர்ந்துபோயிருக்கிறது, ஜெயராம். விடியும் முன்பே வந்து வாங்கிப் போகிறார்களாம். தெர்மாமீட்டர் வைக்கிற நேரத்துக்கு உடம்பு குளிர்ந்துவிடும். பதினொன்று ஒரே நாளில் இரண்டாகக் குறைந்ததைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். காய்ச்சல் குறையவில்லை. அதை என்னிடமிருந்து ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார்கள். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு வாரம் வீட்டிலேயே இரு என்று சொல்ல, வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். எனக்கு ஒதுங்கியிருக்க ஓர் அறை கிடைத்தது. அவர்களுக்கு எட்டுப் பேருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு தண்ணீர்ப் பானை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. எங்கள் சுகாதார மையத்தில் ஓ.பி. காலையில். அவர்கள் வேலை முடிந்து வரும்போது பூட்டியிருக்கும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். விதி எழுதும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தெர்மாமீட்டரை நிறுத்திவிட்டேன். சாரங்கபாணியிடம் மூன்று கேட்டிருக்கிறேன். காய்ச்சல்காரர்களுக்குத் தனிக் கொட்டகை. படுத்திருக்கும் நாளுக்கும் கூலி. சாயங்காலம் கேம்பிலேயே நான் உட்கார ஒரு மேஜை. மேஜைக்கு உடனே சரி என்றார். கூலிக்குத்தான் துள்ளினார்.

"படுத்திருக்கிறவனுக்குக் கூலி குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வந்துடும் மேடம்."

"நாளைக்கா? வந்து ஒரு வாரம் ஆச்சு சார். உங்க சாரத்துல ஏறி நிக்குது."

ஹெட் ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்று தசரா சாயங்காலம் ஆட்டோ பிடித்து காஞ்சன்பாக் வந்தேன். குவார்ட்டர்ஸுக்கு எதிர்ப்பக்கம், மெடிக்கல் ஷாப் ஓரமாக நின்றேன். பால்கனியில் விளக்கு எரிந்தது. பச்சைப் பாவாடையில் ஹம்ஸினி எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள். நீங்கள் வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனீர்கள். நீங்கள் மெலிந்திருக்கிறீர்கள். சாலையைக் கடக்கவில்லை. கடந்திருந்தால் திரும்பியிருக்கமாட்டேன்.

ப்ரியம்வதா


காஞ்சன்பாக்
7 அக்டோபர் 2009, புதன்

ப்ரியா,

வார்டு நர்ஸ் இப்போது போனில் சொன்னாள்: ஹம்ஸினிக்கு ஆக்ஸிஜன் இன்னும் வைத்திருக்கிறார்கள், காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ பக்கத்தில் இருப்பதால் எனக்குத் தெரிவதைவிட உனக்கு அதிகம் தெரியும். ஒருவருக்குத்தான் அனுமதி என்றார்கள். நீ டாக்டர், உள்ளே போனாய். நான் மாற்றுத் துணிப் பையோடு வெளியே நின்றேன்.

திங்கள் இரவு வார்டு கதவில் உன்னைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருவர் முகத்திலும் மாஸ்க். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், நீ அவளை வாங்கிக்கொண்டாய், கதவு சாத்திக்கொண்டது.

நேற்று சாயங்காலம் சந்திரசேகரன் வந்தார். கர்னூலில் வெள்ளம் வந்து தங்கை வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மனுஷன் கறுத்துப்போயிருந்தார். பையிலிருந்து ஈரத்தில் ஒட்டிப்போன ஒரு கவரை எடுத்துக் கொடுத்து, "மன்னிச்சுக்கோப்பா" என்றார். உன் 29ஆம் தேதிக் கடிதம். நான் 25ஆம் தேதி எழுதியதையும் உனக்குக் கொடுக்க மறந்து அதே பையில் வைத்திருந்தார்; இதோடு அதையும் துணிப் பையில் வைத்து அனுப்புகிறேன். மாத்திரை விஷயத்தை நேற்றுதான் படித்தேன். தசரா அன்று நீ வந்து நின்றதையும்.

சாலையைக் கடந்திருந்தால் கேட்டில் ஒட்டியிருந்ததை நீ படித்திருப்பாய்.

போன வியாழக்கிழமையே யாதம்மா தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. கேட்டில் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்கள், காய்ச்சல் இல்லை என்றாள். வாட்ச்மேனையும் கேட்டேன். நூறுகூட இல்லை சார் என்றான். மூன்று நாளும் அப்படியே வந்து சமைத்தாள், ஹம்ஸினிக்குத் தலை வாரினாள். ஞாயிறு இவளுக்குக் காய்ச்சல். திங்கள் யாதம்மா வரவில்லை. அன்று இரவு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

எனக்கு அவள்மேல் வருகிற கோபத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நம் வீட்டில் சாப்பிட்டு, நம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மறைத்தாள். வெங்கடராமன் வந்து, "இனிமே அவ இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல தீர்மானம் போட்டுடறேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

ராத்திரி ஹம்ஸினி படுக்கையில்தான் படுக்கிறேன். தலையணையில் தேங்காயெண்ணெய் வாசனை.

ஜெயராம்


ஆஸ்பத்திரி
8 அக்டோபர் 2009, வியாழன்

அன்புள்ள ஜெயராம்,

இன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் சொன்னது: ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றைந்து, நெஞ்சில் விசில் சத்தம் குறைந்திருக்கிறது. தொண்டைச் சளி செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள், முடிவு வரவில்லை. அதற்குக் காத்திராமல் மருந்தைத் திங்கள் இரவே ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்துமா இருப்பதால் அதுதான் சரி.

நெபுலைசர் மாஸ்க்கைக் கழற்றியதும் அவள் முதலில் கேட்டது, "ஈ ராத்திரி கூடா இக்கடே உண்டாவா?" இன்று ராத்திரியும் இங்கேயே இருப்பாயா என்று. "ஹவ்" என்றேன், எங்கள் மாரெட்பள்ளி வீட்டில் ஆமாம் என்பதற்குச் சொல்வதுபோல. அவளுக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. ஊசி போட வந்த நர்ஸிடம் "நக்கோ நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கான அடுத்த வார்த்தையையும் எடுத்து விட்டாள். வார்டே சிரித்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். இதை ஒரு கையால் எழுதுகிறேன். இப்படி அவள் பக்கத்தில் படுக்கத்தான் இத்தனை வாரமும் ஏங்கினேன். இந்த இடத்தில் கிடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

யாதம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவளிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஹம்ஸினியின் வகுப்பில் நான்கு பேர் லீவு. நீங்கள் தினமும் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் போகிறீர்கள். ஆனால் நீங்கள் நினைப்பதுதான் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அவள் என்ன செய்திருக்க வேண்டும்? வந்தால் விரட்டுவோம், வராவிட்டால் சம்பளத்தை வெட்டுவோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். பிரசவத்துக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாள். சாரத்தில் ஏறிய மல்லேஷ் செய்ததும் அதுதான். 'உன் விதி' என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். ஆம், என் விதிதான். என் குழந்தை நெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்களை மட்டும் திட்ட எனக்கு யோக்யதை இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். இன்றே செய்யுங்கள். யாதம்மா வீட்டுக்குப் போங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று பேசினால் போதும். அந்தப் பெண்ணுக்கு எத்தனாவது மாதம், காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் ஹம்ஸினிக்குப் போலவே ஆபத்து. காய்ச்சல் இருந்தால் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்காமல் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர்களாகப் போகமாட்டார்கள். போனால் யாதம்மாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கோபத்தை அப்புறம் படலாம்.

ப்ரியம்வதா


காஞ்சன்பாக்
10 அக்டோபர் 2009, சனி

ப்ரியா,

நேற்று மாலை வார்டு டாக்டர் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்: ஹம்ஸினிக்குப் பன்றிக் காய்ச்சல்தான், பரிசோதனைக் கூடம் உறுதி செய்துவிட்டது. ஆனால் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீயும் பார்த்தாய். அவள் கையை ஆட்டினாள். நான் ஆட்டியது உனக்கும் சேர்த்துத்தான்.

நீ சொன்னபடி வியாழக்கிழமை இரவே யாதம்மா வீட்டுக்குப் போனேன். சம்பாபேட் பின்பக்கம், ஒற்றை அறை. ஸ்கூட்டர் உள்ளே போகாது. என்னைப் பார்த்ததும் யாதம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "பாப்பா எப்படி சாரு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். திட்டுவதற்கு ஏழெட்டு வாக்கியங்களைத் தயாராக வைத்துக்கொண்டு போயிருந்தேன். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

பெண்ணின் பெயர் ஸ்வரூபா. எட்டாம் மாதம். அவளுக்கும் அன்று காலையிலிருந்து காய்ச்சல். ஆஸ்பத்திரி என்றதும் யாதம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒத்து சாரு, வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனா கேட்டுல தெரிஞ்சுடும். என்னை எடுத்துடுவாங்க."

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டினது யாரு யாதம்மா?"

"மீரே கதா."

"நான்தானே? நான்தான் இப்ப ஆட்டோ கூட்டிண்டு வந்திருக்கேன். எழுந்திரு."

நீங்கள்தானே என்று அவள் சொன்னபோது குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. அது இன்னும் காதில் இருக்கிறது.

இருவரையும் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஸ்வரூபாவுக்கு அன்று இரவே மருந்து கொடுத்தார்கள். இன்று காலை நிலவரம்: காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது என்று டியூட்டி டாக்டர் சொன்னார். ஆபத்து தாண்டியதா என்றால் திங்களுக்கு முன் சொல்ல முடியாதாம்.

நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். வெங்கடராமன் கத்தினார்: "செக்ரெட்டரி நீரே ரூலைப் போடுவீர், நீரே கிழிப்பீரா? பொண்டாட்டி சொன்னான்னா?" ஆமாம், அவள் சொன்னாள் என்றேன். காய்ச்சல் வந்தால் வீட்டில் இரு, சம்பளம் உண்டு என்று மாற்றி எழுதி நாளைக் கூட்டத்தில் வைக்கிறேன். ஆறு வீட்டுக்காரர்கள் சரி என்கிறார்கள். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நாளை மாலைதான் தெரியும்.

சாரங்கபாணி வீட்டு நம்பருக்கே போன் செய்தார், நீ கிடைக்கவில்லை என்று. தனிக் கொட்டகை எழும்பிவிட்டது. கூலிக்கு ஹெட் ஆபீஸ் பாதி தருகிறேன் என்கிறதாம். பாதி கொடுத்தால் பாதிப் பேர் மாத்திரை போட்டுக்கொண்டு சாரம் ஏறுவார்கள் என்று நான் சொன்னேன். "அம்மாவும் இதையேதான் சொல்வாங்க சார்" என்றார். முடிவு புதன்கிழமைக்குள்.

காய்ச்சல் இல்லாமல் திங்கள் முழுக்க ஓடினால், செவ்வாய் காலை ஹம்ஸினியை அனுப்பிவிடுவார்கள். நீ எதற்காக விலகி இருந்தாயோ அது வந்தே போய்விட்டது. கேம்புக்கு நீ தினமும் போகத்தான் வேண்டும். போ. இனிமேல் அதைச் சண்டையாக்கமாட்டேன். ஆனால் அங்கிருந்து எந்த வீட்டுக்குத் திரும்புவாய் என்பதை நான் போனிலும் கேட்கவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். எங்கே போகணும் என்று டிரைவர் கேட்பான். நீ சொல்.

ஜெயராம்